வேன்ல கேட்ட பாட்டும் தூணோரம் உக்காந்திருந்த அக்காவும்



சனிக்கிழமை ராத்திரி நாங்க வழக்கமா போடுற பதிவு உங்களுக்குத் தெரியும். இந்த வாரம் உபயம் யாரு, எத்தனை பேர் சாப்பிட்டாங்க, அடுத்த வாரத்துக்கு எத்தனை மூட்டை அரிசி வேணும், பாத்திரம் கழுவ இன்னும் நாலு பேர் வந்தா நல்லது. அது நாளைக்கு வரும். இன்னைக்கு எழுதுறது வேற விஷயம். கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுமையா படிங்க. மடப்பள்ளித் தொண்டர்கள் நாங்க ஆறு பேரும் பேசி, ஒத்துக்கிட்டுத்தான் எழுதுறோம்.

எங்களுக்கு வாரா வாரம் விடியக்காலை வேலை ஒண்ணு இருக்கு. மூணரை மணிக்குக் கோயில் வேனை எடுத்துக்கிட்டு மொத்த மார்க்கெட்டுக்குப் போயி காய்கறி வாங்கணும். போறப்போ சூலமங்கலம் சகோதரிகளோட கந்த சஷ்டி கவசம் ஓடும், வர்றப்போ டி.எம்.எஸ். முருகன் பாட்டு ஓடும். இருவது வருசமா இதுதான். கேட்டுக்கிட்டே பாதிப் பேர் தூங்கிடுவோம். கவசத்துல தப்பில்ல, மூணரை மணிக்குத்தான் தப்பு.

மூணு வாரத்துக்கு முன்னாடி, ஒலிபெருக்கி வேலை பாக்குற நம்ம தம்பி ஒருத்தர், "இன்னைக்கு நான் ஒண்ணு போடுறேன், தூக்கம் வராது"ன்னு கைப்பேசியை வேனோட ஸ்பீக்கர்ல இணைச்சாரு. ஒரு பியானோ, ஒரு ஆர்கன், அப்புறம் கூட்டமா ஒரு குரல். பாடுறது ஒரு பொம்பளை. இங்கிலீஷ் பாட்டு.

எங்கள்ல மூத்தவரு, நாங்க மாமான்னு கூப்பிடுறவரு, ரெண்டு நிமிசம் கேட்டுட்டு, "இது சர்ச் பாட்டுல்ல தம்பி? கோயில் வேன்ல போடலாமா?"ன்னு கேட்டாரு.

தம்பி சொன்னாரு: "சர்ச் பாட்டுதான் மாமா. ஆனா பாடுறவங்க சர்ச்ல வேலை பாக்குறவங்க இல்ல. அமெரிக்காவுல பெரிய மேடைப் பாடகி. கேளுங்க, பிடிக்கலைன்னா நிறுத்திடுறேன்."

நிறுத்தல. அதனாலதான் இந்தப் பதிவு. யாரும் பயப்படாதீங்க, மடப்பள்ளியில ஆறு பேரும் அம்மன் பக்கத்துலதான் இருக்கோம்.

அந்தப் பாடகி பேரு அரீத்தா ஃபிராங்க்ளின். 1942-ல பொறந்தவங்க, 2018 ஆகஸ்ட் 16-ஆம் தேதி டெட்ராய்ட் நகரத்துல காலமானாங்க. 'சோல்' இசைக்கே ராணின்னு அவங்களைச் சொல்லுவாங்க. சோல்ங்கிறது அமெரிக்கக் கறுப்பின மக்களோட பாட்டு. சர்ச்ல சாமியைக் கூப்பிடுற அதே குரலை எடுத்து காதலையும் கோவத்தையும் பாடுனா அதுதான் சோல். அரீத்தாவோட அப்பா சி.எல். ஃபிராங்க்ளின் டெட்ராய்ட்ல நியூ பெத்தேல் பாப்டிஸ்ட் சர்ச்சோட போதகர். அவரோட பிரசங்கமே இசைத்தட்டா வித்துச்சு, அவ்வளவு பேர் போனவரு. பொண்ணு சின்ன வயசுல அந்த சர்ச்லயே பாடி வளர்ந்தாங்க. 14 வயசுலயே அவங்க பாட்டு பதிவாயிடுச்சு. அப்புறம் 1960-ல வெளி உலகப் பாட்டுக்குப் போயிட்டாங்க. 1967-ல 'ரெஸ்பெக்ட்' பாட்டு வந்து உலகம் பூரா பேரு. பணம், பத்திரிகை, விருது எல்லாம்.

1972-ல, உச்சத்துல இருக்கிறப்போ, ஒரு பக்திப் பாட்டு ஆல்பம் போடணும்னு முடிவு பண்ணுனாங்க. அப்போ வயசு 29. ஸ்டூடியோவுல கண்ணாடி அறைக்குள்ள நின்னு பாடியிருக்கலாம். அவங்க போனது லாஸ் ஏஞ்சலஸ்ல ஏழை மக்கள் இருக்கிற பகுதியில ஒரு சர்ச்சுக்கு. நியூ டெம்பிள் மிஷனரி பாப்டிஸ்ட் சர்ச். பேர்லயே கோயில் இருக்குன்னு மாமா சிரிச்சாரு. அந்தக் கட்டடம் ஒரு காலத்துல சினிமாக் கொட்டகை. ஜனவரி 13, 14 ரெண்டு ராத்திரி, நம்ம ஊர்ல பொங்கல் சமயம், அங்க பதிவு நடந்துச்சு. ஜூன்ல ரெண்டு தட்டு கொண்ட ஆல்பமா வந்துச்சு. 'அமேசிங் கிரேஸ்'னு பேரு. அமெரிக்காவுல மட்டும் 20 லட்சத்துக்கு மேல வித்துச்சு. அவங்க வாழ்நாள்ல போட்ட ஆல்பங்கள்லயே அதிகமா வித்தது காதல் பாட்டு இல்ல, இதுதான்.

எங்களைத் தூங்க விடாதது என்னன்னு யோசிச்சுப் பாத்தா, பாடுறவங்க மட்டும் இல்ல. கேக்குறவங்க. அந்த ஆல்பத்துல சத்தமா பாதி அவங்கதான். அரீத்தா ஒரு அடி பாடுவாங்க, கூட்டத்துலேர்ந்து ஒருத்தர் 'ஆமா'ங்கிற மாதிரி குரல் விடுவாரு. அடுத்த அடி பாடுவாங்க, அந்தப் பக்கம் ஒரு அம்மா கத்துவாங்க. பின்னாடி சதர்ன் கலிஃபோர்னியா கம்யூனிட்டி காயர்னு பெரிய குழு. அவங்க பின்பாட்டு பாடுற மாதிரி தெரியல, பதில் சொல்ற மாதிரி இருக்கு. அந்தக் குழுவை உருவாக்குன ஜேம்ஸ் கிளீவ்லண்ட்தான் நிகழ்ச்சியை நடத்துறாரு, பியானோவும் வாசிக்கிறாரு. அரீத்தா சின்னப் பொண்ணா இருந்தப்போ டெட்ராய்ட்ல அவங்க அப்பாவோட சர்ச்ல இசை பாத்துக்கிட்டவரு அவரு. ஆரம்பத்துலயே வந்தவங்களுக்கு அவரு நினைவுபடுத்துறாரு, இது சர்ச், வழிபாட்டுக்குத்தான் வந்திருக்கோம், சும்மா உக்காந்து பாக்காதீங்க, கூடச் சேர்ந்து குரல் குடுங்கன்னு. அந்த விஷயத்தை இங்க கொஞ்சம் நிறுத்தி யோசிச்சோம். வெள்ளிக்கிழமை நம்ம கோயில்ல ஏழரை மணிக்கு என்ன நடக்குது? பெட்டியைத் தட்டி விடுறோம், யாரோ எங்கயோ ஸ்டூடியோவுல பாடுனது ஓடுது. நாம கைப்பேசி பாத்துக்கிட்டு தீபாராதனைக்குக் காத்திருக்கோம். ஒரு காலத்துல முப்பது பேர் சேர்ந்து தேவாரம் பாடுன மண்டபம் அது.

சரி, ஆல்பத்துக்கு வருவோம்.

முதல் பாட்டு 'மேரி டோன்ட் யூ வீப்'. பைபிள் கதை. தம்பி செத்துப் போயிட்டான், நீங்க முன்னாடியே வந்திருந்தா செத்திருக்க மாட்டானேன்னு மேரி இயேசுகிட்ட அழுவாங்க. அவரு செத்தவனைப் பேர் சொல்லிக் கூப்பிடுவாரு. அவன் எந்திரிப்பான். அரீத்தா அந்தக் கதையைப் பாட்டுக்குள்ளயே நின்னு நிதானமா சொல்றாங்க, பின்னாடி குழு தாளம் விடாம முனகிக்கிட்டே இருக்கு. அந்தப் பேரைக் கூப்பிடுற இடத்துல வேன்ல யாரும் பேசல. டோல் வந்ததைக்கூட ஓட்டுனவரு கடைசி நேரத்துலதான் பாத்தாரு. மாமாதான் மெதுவா சொன்னாரு: "நம்ம அப்பர் சுவாமிகள் திங்களூர்ல அப்பூதியடிகளோட மகனைப் பதிகம் பாடி எழுப்புனாருல்ல. பாம்பு கடிச்ச புள்ளையை." அதுக்கப்புறம் நிறுத்துங்கன்னு அவரு சொல்லல.

ஆல்பத்தோட பேரு எந்தப் பாட்டுலேர்ந்து வந்துச்சோ அந்த 'அமேசிங் கிரேஸ்' கிட்டத்தட்ட 11 நிமிசம். உலகத்துல எத்தனையோ பேர் பாடுன பாட்டு. எழுதுனவரு ஜான் நியூட்டன், 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துக்காரர். அடிமைகளை ஏத்திக்கிட்டுப் போற கப்பல்ல கேப்டனா இருந்து பின்னால மதபோதகர் ஆனவரு. அவரு எழுதுன பாட்டை அடிமைகளோட வம்சத்துல வந்த பொண்ணு பாடுறாங்க. இதைத் தம்பி சொன்னப்போ எங்களுக்குக் கொஞ்ச நேரம் வேற எதுவும் காதுல விழல.

அந்தப் பதினோரு நிமிசத்தை உங்களுக்கு எப்படிச் சொல்றது? நம்ம விருத்தம் பாடுவோம்ல, அது மாதிரின்னு வெச்சுக்குங்க. தாளம் கிடையாது. ஒரு எழுத்தைப் பிடிச்சா அதை விட மனசு வராம மேல போயி, கீழ இறங்கி, திரும்ப மேல போயி, மூச்சு எங்க விட்டாங்கன்னே தெரியாம அடுத்த சொல்லுக்கு வர்றாங்க. நமக்கு அந்த வார்த்தை புரியணும்னு அவசியமே இல்ல. நல்ல ஓதுவார் 'சிவனே'ன்னு இழுக்குறப்போ நமக்கு என்ன ஆகுமோ அதுதான் ஆச்சு. பாட்டு நடக்குறப்போ ஜேம்ஸ் கிளீவ்லண்ட் கைக்குட்டையில முகத்தைப் பொத்திக்கிட்டு அழுறாரு.

அவரு அழுததைப் பாத்தியான்னு கேப்பீங்க. பாத்தோம். அந்த ரெண்டு ராத்திரியையும் சிட்னி பொல்லாக்ங்கிற இயக்குநர் படமாவும் எடுத்திருக்காரு. ஆனா கிளாப் பலகை அடிக்காம விட்டுட்டாங்க. படத்தையும் ஒலியையும் பொருத்த முடியாம பல வருசம் சுருள் சுருளா கிடந்துச்சு. பின்னால கம்ப்யூட்டர் வெச்சு பொருத்துனாங்க, அப்போ அரீத்தாவே கோர்ட்டுக்குப் போயி தடுத்துட்டாங்க. அவங்க காலமான பிறகு, குடும்பம் சம்மதிச்சு, 2018 கடைசியிலதான் வெளிவந்துச்சு. படத்துல அவங்க பேசுறது ரொம்ப ரொம்பக் கம்மி. பாடுறாங்க, வேர்க்குது. பியானோ முன்னாடி உக்காந்து 'நெவர் க்ரோ ஓல்ட்' பாடுறப்போ அவங்க அப்பா எந்திரிச்சு வந்து, துண்டை எடுத்து பொண்ணோட முகத்தைத் துடைச்சு விடுறாரு. பாட்டை நிறுத்தாம முகத்தைக் குடுக்குறாங்க.

அந்த சர்ச்சுக்கு அவங்க தனியா வரல. டிரம்ஸ் பெர்னார்ட் பர்டி, பேஸ் கித்தார் சக் ரெய்னி, கித்தார் கார்னெல் டுப்ரீ. எல்லாரும் வெளிக் கச்சேரிக்கு அவங்களோட வாசிச்சவங்க. பாட்டும் அப்படித்தான். மார்வின் கே அதுக்கு முந்தின வருசம் போட்ட சோல் ஆல்பத்துலேர்ந்து ஒரு பாட்டு, கரோல் கிங் எழுதுன நட்புப் பாட்டு, நாடகக் கொட்டகையிலேர்ந்து ஒரு பாட்டு, எல்லாத்தையும் சாமி பாட்டோட பாட்டா பாடுறாங்க. கரோல் கிங்கோட பாட்டை 'பிரெஷியஸ் லார்ட்'ங்கிற பழைய பக்திப் பாட்டோட பின்னிப் பாடுறாங்க. அந்தப் பக்திப் பாட்டை எழுதுன தாமஸ் டோர்சியே ப்ளூஸ் வாசிச்சுப் பிழைச்சவருதான். 1932-ல பிரசவத்துல மனைவியும் போயி, பொறந்த குழந்தையும் போன துக்கத்துல எழுதுனது. எது உள்பாட்டு, எது வெளிப்பாட்டுன்னு அந்த ஆல்பத்துல கோடு போட முடியல. நம்ம பஜனையில சினிமா மெட்டு வரலாமா கூடாதான்னு நாம வருசா வருசம் சண்டை போடுவோமே, அந்தச் சண்டையை இங்க திரும்ப ஆரம்பிக்கல. எங்க ஆறு பேருக்குள்ளயே மூணு மூணா நிக்கிறோம்.

இப்போ விஷயத்துக்கு வர்றோம்.

மார்க்கெட்லேர்ந்து திரும்பி வர்றப்போ, ஆல்பத்தோட பின்பகுதியில, பாட்டு நின்னு ஒருத்தர் பேசுறாரு. அரீத்தாவோட அப்பா. ரெண்டாவது ராத்திரி வந்திருந்தாரு. அரீத்தா சின்ன வயசுல பாத்து வளர்ந்த பெரிய பக்திப் பாடகி கிளாரா வார்டும் அன்னைக்கு முன்வரிசையில இருந்தாங்க, அடுத்த வருசம் அவங்களும் போயிட்டாங்க. அப்பா பேசுறதுல ஒரு கதை சொல்றாரு. துணி வெளுக்குற கடைக்குப் போயிருந்தேன், அங்க ஒரு அம்மா உங்க பொண்ணை டி.வி.யில பாத்தேன், நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா அவங்க சர்ச்சுக்குத் திரும்பி வந்தா சந்தோசப்படுவேன்னு சொன்னாங்கன்னு. அதுக்கு அவரோட பதில், என் பொண்ணு சர்ச்சை விட்டு எப்பவுமே போகலங்கிறதுதான்.

கூட்டம் கத்துது. வேன்ல சத்தமே இல்ல.

தம்பிதான் முதல்ல பேசுனாரு. "அக்கா ஞாபகம் வருது"ன்னாரு. எந்த அக்கான்னு யாரும் கேக்கல.

நம்ம கோயிலுக்கு ரொம்ப வருசமா வர்ற உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும். பேர் எழுத வேண்டாம்னு அவங்க கேட்டுக்கிட்டாங்க. கல்யாண விருந்துலயும் டின்னர் ஷோவுலயும் பாடிப் புள்ளைங்களைப் படிக்க வெச்சவங்க. வெள்ளிக்கிழமை வந்தா மூணாவது தூணோரம் உக்காந்து, யாருக்கும் கேக்காத மாதிரி தேவாரம் பாடிக்கிட்டு இருப்பாங்க. பக்கத்துல விளக்கு துடைக்கிறவங்களுக்கு மட்டும் கேக்கும். எங்களுக்குக் கேட்டுச்சு. ஒரு ஆடி மாசம் எங்ககிட்ட வந்து, "வெள்ளிக்கிழமை பெட்டியில போடுறதுக்குப் பதிலா நான் முன்னாடி உக்காந்து பாடட்டுமா? பத்துப் புள்ளைங்க கிடைச்சா சொல்லிக் குடுத்துடுவேன்"ன்னு கேட்டாங்க.

நாங்க "பாப்போம்க்கா"ன்னு சொன்னோம்.

அப்புறம் எங்களுக்குள்ள பேசுனோம். ராத்திரி பன்னெண்டு மணி வரைக்கும் மினுக்குப் புடவையில மேடையில ஆடிப் பாடுறவங்க, அம்மன் சந்நிதியில முன்னாடி உக்காந்தா நாலு பேர் என்ன சொல்லுவாங்கன்னு ஒரு பேச்சு வந்துச்சு. அதை முதல்ல சொன்னது மாமா. அவரு பேரைச் சொல்லி எழுதுனாலும் சரின்னுட்டாரு, நாங்கதான் எழுதல. ஏன்னா மீதி அஞ்சு பேர் வாயைத் திறக்கல. நிர்வாகத்துக்கிட்ட இந்த விஷயம் போகவே இல்ல, அவங்களைக் குறை சொல்லாதீங்க. அக்காகிட்ட முடியாதுன்னும் நாங்க சொல்லல. அதுதான் இன்னும் மோசம். அடுத்த வெள்ளி அவங்க எங்களைப் பாத்தாங்க, நாங்க சாம்பார் வாளியைத் தூக்கிக்கிட்டு வேகமா நடந்தோம். ஒரு ஏழெட்டு வெள்ளி அப்படியே நடந்துச்சு. அப்புறம் தூணோரம் யாரும் இல்ல. வேலை இருக்கும் போலன்னு நினைச்சுக்கிட்டோம். நாலு வருசம் ஆச்சு.

வேன் கோயில் வாசலுக்கு வந்து நின்னும் நாங்க இறங்கல. கடைசிப் பாட்டு ஓடிக்கிட்டு இருந்துச்சு. முட்டைகோஸ் மூட்டை மேல சாஞ்சுக்கிட்டே மாமா ஒரு கதையை ஆரம்பிச்சாரு. பெரியபுராணம் அவருக்கு மனப்பாடம். திருநீலகண்ட யாழ்ப்பாணர் மதுரைக் கோயில் வாசல்ல நின்னு யாழ் வாசிச்சாரு. பாணர் குலம், உள்ள போற வழக்கம் இல்ல. அன்னைக்கு ராத்திரி சாமி தொண்டர்கள் கனவுல வந்து, அவரை உள்ள கூட்டிட்டு வாங்கன்னு சொன்னாரு. உள்ள வந்து வாசிச்சாரு. தரையோட ஈரத்துல யாழ் நரம்பு தளர்ந்துடும், உக்கார பொற்பலகை போடுங்கன்னு அசரீரி கேட்டுச்சு. "இதை நான் எத்தனை பேருக்குக் கதையா சொல்லியிருக்கேன்"னு சொல்லிட்டு மாமா இறங்கி மூட்டையைத் தூக்குனாரு.

போன ஞாயித்துக்கிழமை ஆறு பேரும் அக்கா வீட்டுக்குப் போனோம். அடுக்குமாடியில ஒன்பதாவது மாடி, லிப்ட் வேலை செய்யல. கொஞ்சம் பழம், பூ, அம்மன் பிரசாதம். கதவைத் திறந்து எங்களைப் பாத்து, "என்ன, உபயத்துக்கு ஆள் குறையுதா?"ன்னு கேட்டாங்க. சிரிச்சுக்கிட்டேதான் கேட்டாங்க. உக்கார வெச்சு தே ஓ போட்டுக் குடுத்தாங்க. என்ன பேசுறதுன்னு தெரியாம தம்பி அந்த ஆல்பத்தைப் போட்டாரு.

ரெண்டு நொடியில, "அரீத்தா"ன்னாங்க. நாங்க முழிச்சோம். "டின்னர் ஷோவுல இங்கிலீஷ் பாட்டும் கேப்பாங்கல்ல. 'ரெஸ்பெக்ட்' நான் எத்தனை தடவை பாடியிருப்பேன். ஆனா இதை மேடையில பாட மாட்டேன். வீட்ல மட்டும் கேப்பேன்." அந்த அப்பா பேசுற இடம் வர்ற வரைக்கும் யாரும் எதுவும் சொல்லல. வந்ததும் மாமா கையைக் கூப்பி, "தங்கச்சி, அன்னைக்கு அந்த வார்த்தையைச் சொன்னது நான்தான்"ன்னாரு.

அக்கா கொஞ்ச நேரம் பேசல. ஸ்பீக்கரை நிறுத்திட்டு சொன்னாங்க: "இவங்களுக்கு அப்பா எந்திரிச்சு நின்னு சொன்னாரு. எனக்கு நீங்க யாராவது ஒருத்தர் சொல்லியிருந்தா போதும். நான் எங்க போனேன், தூணோரம்தானே உக்காந்திருந்தேன்."

இன்னொண்ணும் அவங்க சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். அரீத்தா 1987-ல அப்பாவோட டெட்ராய்ட் சர்ச்லயே இன்னொரு பக்தி ஆல்பம் பதிவு பண்ணுனாங்களாம். அப்போ அப்பா இல்ல. 1979-ல வீட்டுக்குள்ள புகுந்த திருடங்க சுட்டு, அஞ்சு வருசம் நினைவில்லாம கிடந்து 1984-ல போயிட்டாரு. "அந்த ஆல்பமும் நல்லா இருக்கும். ஆனா முகத்தைத் துடைச்சு விட ஆளில்ல"ன்னாங்க.

வெள்ளிக்கிழமை வந்து பாடுவீங்களாக்கான்னு கேட்டோம். தொண்டை முன்ன மாதிரி இல்ல, பெரிய சுரம் எட்டலன்னாங்க. பரவாயில்லன்னோம். வந்தாலும் மைக் வேண்டாம், பெட்டியை நிறுத்தணும், கூடப் பாட ஆள் வேணும், தனியா பாட மாட்டேன்னாங்க. எல்லாத்துக்கும் சரின்னோம். நிர்வாகத்துக்கிட்டயும் இந்தத் தடவை நேரா போயிக் கேட்டுட்டோம், தலைவர் ஒத்துக்கிட்டாரு. அக்கா மட்டும் இன்னும் முடிவா சொல்லல. வாசல் வரைக்கும் வந்து வழியனுப்புறப்போ "பாப்போம்"னாங்க.

வர்ற வெள்ளிக்கிழமை ராத்திரி ஏழரை மணிக்குப் பெட்டி ஓடாது. மூணாவது தூணுக்கு முன்னாடி பாய் விரிச்சிருப்போம். தேவாரப் புத்தகம் பன்னெண்டு இருக்கு, வீட்ல இருக்கிறவங்க கொண்டு வாங்க. குரல் நல்லா இருக்கணும்னு இல்ல, பதில் சொன்னா போதும். புள்ளைங்களை முன்னாடி உக்கார வைங்க. அக்கா வரலைன்னா மாமா ஆரம்பிப்பாரு, அவருக்குச் சுருதி நிக்காது, முன்கூட்டியே சொல்லிடுறோம்.

ஓம் சக்தி.

மடப்பள்ளித் தொண்டர்கள்